காயலான்கடை வழியாக வந்த எஞ்சின்

அமெரிக்காவில் கழித்துப்போட்ட வண்டிகள் நிற்கும் யார்டுகளுக்கு எஞ்சின் தேடி வருகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறப்பதில்லை. முன்கண்ணாடியின் ஓரத்தில் குனிந்து, டாஷ்போர்டு மூலையில் அடித்திருக்கும் சின்னத் தகட்டில் பதினேழு இலக்க வண்டி எண்ணைப் படிக்கிறார்கள். அதில் எட்டாவது எழுத்துதான் அவர்களுக்கு வேண்டியது. அது ஆங்கில 'டி' (டைகருக்கு வரும் டி) என்றால் உள்ளே இருப்பது எல்எம்7. இரும்பு பிளாக், எட்டு சிலிண்டர், 5.3 லிட்டர். அந்த இடத்தில் 'இசட்' இருந்தால் எத்தனால் கலந்த பெட்ரோலிலும் ஓடக்கூடிய அதன் தம்பி எல்59. 'பி' (பஸ்ஸுக்கு வரும் பி) இருந்தால் 2005 முதல் 2007 வரை மட்டும் வந்த அலுமினிய பிளாக் எல்33. அது கண்ணில் பட்டால் அன்றைக்கு நரி முகத்தில் விழித்ததாக அர்த்தம்.

எல்எம்7 அபூர்வமான சரக்கில்லை. 1999 முதல் 2007 வரை ஷெவர்லே சில்வராடோ, டாஹோ, சபர்பன், ஜிஎம்சி சியரா என்று ஜெனரல் மோட்டார்ஸின் பிக்அப்களிலும் பெரிய குடும்ப வண்டிகளிலும் உட்கார்ந்திருந்த எஞ்சின். விவசாயி வைக்கோல் ஏற்றிய வண்டியிலும் இருந்தது, பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்ட வண்டியிலும் இருந்தது. அப்படிப்பட்ட எஞ்சின், தான் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே செய்து முடிக்கப்பட்ட 1972 மாடல் ஷெவர்லே சி10 பிக்அப்புக்குள் போய் உட்காருகிறது. அமெரிக்கக் கொட்டகைகளில் இன்று மிகச் சகஜமாக நடக்கும் மாற்று அறுவை இதுதான். எஞ்சின் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று பின்தொடர்ந்து போனால், இந்த வேலையில் எஞ்சினே சுலபமான பங்கு என்பது தெரியவரும்.

கதை 1955இல் தொடங்குகிறது. எட் கோல் தலைமையில் ஷெவர்லே பொறியாளர்கள் 265 கன அங்குல வி8 ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சிறியது, எடை குறைந்தது, செய்ய மலிவானது. 'ஸ்மால் பிளாக்' என்று பேர் வாங்கியது. அதில் ஒரு சிலிண்டரின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் இடையே 4.4 அங்குலம். அந்த 4.4 பிறகு மாறவே இல்லை. பிஸ்டன் பெரிதானது, ஸ்ட்ரோக் நீண்டது, கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. 1997இல் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காருக்காக எல்எஸ்1 என்ற புது எஞ்சினைச் செய்தபோது பழைய எஞ்சினிலிருந்து அநேகமாக ஒரு பாகத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் சிலிண்டர் இடைவெளி அதே 4.4 அங்குலம். கியர்பாக்ஸைப் பிடிக்கும் போல்ட் துளைகளும் ஏறக்குறைய பழைய இடத்திலேயே இருந்தன. இந்த ரத்த சம்பந்தம் பின்னால் பெரிய உதவியாக வந்தது.

அதைவிடப் பெரிய உதவி, அந்தக் காலத்தில் பலர் கேலி செய்த ஒரு முடிவு. தொண்ணூறுகளில் உலகம் முழுக்க கேம்ஷாஃப்டை ஹெட்டுக்கு மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போர்டு தன் 1997 எஃப்-150 பிக்அப்பின் வி8களை அப்படித்தான் மாற்றியது. ஜெனரல் மோட்டார்ஸோ கேம்ஷாஃப்டை பிளாக்கின் வயிற்றுக்குள்ளேயே விட்டுவைத்து, அங்கிருந்து நீளக் கம்பிகளால், அதாவது புஷ்ராடுகளால், வால்வுகளைத் தள்ளித் திறக்கும் பழைய முறையிலேயே நின்றது. நாகரிகம் தெரியாதவர்கள் என்று பத்திரிகைக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். ஆனால் கேம் மேலே ஏறினால் ஹெட் அகலமாகும், உயரும். லிட்டர் கணக்கில் சிறியதான போர்டின் 4.6 எஞ்சின், வெளி அளவில் 5.7 லிட்டர் எல்எஸ்1ஐவிடப் பெரியது. மடங்கி ஒடுங்கி உட்காரத் தெரிந்த எஞ்சின்தான் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைய முடியும். இன்றைக்கு மஸ்டாவிலும் பழைய போர்ஷேயிலும் டட்சனிலும் எல்எஸ் வகையைத் திணித்து வைத்திருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் வீரியம் பாதி, ஒடுக்கம் பாதி.

கார்வெட்டின் எல்எஸ்1 அலுமினிய பிளாக். பிக்அப்புக்கு அவ்வளவு செலவு கட்டாது. ஆகவே 1999 மாடல் சில்வராடோவுக்கு அதே வடிவத்தை இரும்பில் வார்த்தார்கள். 4.8, 5.3, 6.0 என்று மூன்று அளவு. நடுவில் நின்ற 5.3தான் எல்எம்7. பிஸ்டன் விட்டம் 96 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 92 மில்லிமீட்டர். முதல் ஆண்டு 270 குதிரைத்திறன், அடுத்த ஆண்டு 285, 2004இல் 295. ஹெட் மட்டும் அலுமினியம். கிராங்கைத் தாங்கும் ஒவ்வொரு மூடிக்கும் ஆறு போல்ட். நாலு கீழிருந்து, இரண்டு பக்கவாட்டில். சரக்கு வண்டி எஞ்சினுக்குப் பந்தய எஞ்சினின் முதுகெலும்பு. டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் பக்கத்திலேயே ஒரு காயில், மொத்தம் எட்டு. பழைய ஸ்மால் பிளாக்கில் சிலிண்டர்கள் 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில் வெடிக்கும். இதில் 1-8-7-2-6-5-4-3. பழக்கப்பட்ட காதுக்கு வித்தியாசம் கேட்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு நம்பிக்கை இல்லை, சைலன்சர்தான் பேசுகிறது.

இவை பொருத்தப்பட்டது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செயின்ட் கேத்தரின்ஸிலும், மிச்சிகனின் ராமுலஸிலும். செயின்ட் கேத்தரின்ஸ் நயாகரா அருவிக்குப் பக்கத்து ஊர். அங்கே முடிந்த எஞ்சின்கள் இண்டியானாவின் ஃபோர்ட் வெயின், மிச்சிகனின் பாண்டியாக், ஒன்டாரியோவின் ஓஷவா என்று பிக்அப் ஆலைகளுக்குப் போயின. டாஹோவும் சபர்பனும் விஸ்கான்சினின் ஜேன்ஸ்வில்லிலும் டெக்சஸின் ஆர்லிங்டனிலும் தயாராயின. அவற்றில் ஜேன்ஸ்வில் ஆலை 2008 டிசம்பரில் கதவைச் சாத்தியது. அங்கே செய்த வண்டிகள் இன்னும் ஓடுகின்றன.

ஓடுகின்றன என்றாலும், எல்லாமே முழுசாக இல்லை. அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் கனடாவிலும் பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். உப்புநீர் சேஸிஸைத் தின்னும், கதவுக்குக் கீழே உள்ள தகட்டைத் தின்னும், பிரேக் எண்ணெய் போகும் குழாய்களைத் தின்னும். இதே தலைமுறை வண்டிகளின் பிரேக் குழாய்கள் துருப்பிடித்து வெடித்ததாக வந்த புகார்களை அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை நெடுங்காலம் விசாரித்து, திரும்பப் பெறும் உத்தரவு ஏதும் போடாமலே 2015இல் முடித்தது. வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவி வையுங்கள், குழாய்களைச் சோதித்துப் பாருங்கள் என்பதே உரிமையாளர்களுக்குக் கிடைத்த அறிவுரை. உடம்பு இப்படி உதிர்ந்துகொண்டிருக்கும்போது எஞ்சின் மட்டும் லட்சக்கணக்கான மைல் தாண்டியும் அசராமல் நிற்கும். ஒருநாள் சின்ன மோதல். பழுது பார்க்கும் செலவு வண்டியின் விலையைத் தொட்டுவிட, காப்பீட்டு நிறுவனம் வண்டியை முழு நஷ்டமென்று எழுதிவிடுகிறது. ஏலத்துக்குப் போகிறது, அங்கிருந்து யார்டுக்கு.

சென்னை புதுப்பேட்டையில் நடந்திருப்பவர்களுக்கு இந்த உலகத்தை விளக்கத் தேவையில்லை. வண்டியின் மரணம் இன்னொரு வண்டியின் உதிரிபாகம் என்ற கணக்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான். அமெரிக்காவில் ஒரே வித்தியாசம், பல யார்டுகளில் நீங்களேதான் கழற்ற வேண்டும். நுழைவுக் கட்டணம் கொடுத்துவிட்டு, ஸ்பானர் செட்டோடு உள்ளே போய், சகதியில் படுத்து அவிழ்த்துக்கொண்டு வரலாம்.

அப்படிக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு, கைதேர்ந்தவர்கள் அவற்றை மறப்பதில்லை. ஹெட்டின் வார்ப்பு எண் 706 என்று முடிந்து, கூடவே காஸ்டெக் என்ற வார்ப்பாலையின் முத்திரையும் இருந்தால் எச்சரிக்கையாவார்கள். அவற்றில் சில, வால்வு மூடிக்குக் கீழே மயிரிழையாய் விரிசல் விட்டவை. வெளியே ஒரு சொட்டும் கசியாது, ஆனால் ரேடியேட்டர் தண்ணீர் மாதக்கணக்கில் குறைந்துகொண்டே வரும். அடுத்தது சம்ப்பிலிருந்து எண்ணெய் உறிஞ்சும் குழாயின் ரப்பர் வளையம். வயதாகி இறுகிவிட்டால் எண்ணெயோடு காற்றும் சேர்ந்து ஏறும், அழுத்தம் விழும். சில ரூபாய் மதிப்புள்ள வளையம், எஞ்சினைக் கொல்லப் போதுமானது. எக்ஸாஸ்ட் போல்ட்களில் கடைசியில் உள்ளவை அநேகமாக முறிந்தே கிடக்கும். இன்டேக்குக்கு அடியில், இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கு நடுப் பள்ளத்தில் இரண்டு நாக் சென்சார்கள் உட்கார்ந்திருக்கும். மேலே தண்ணீர் ஊற்றிக் கழுவியவர் வீட்டு எஞ்சினில் பின்பக்கத்துச் சென்சார் துருக்குழியாக மாறியிருக்கும். அடுத்த தலைமுறையில் அவற்றை பிளாக்கின் பக்கவாட்டுக்கு மாற்றினார்கள். தவறு புரிந்திருக்கிறது.

அடுத்த தலைமுறை என்றதும், புதியதை வாங்கினால் என்ன என்று கேட்கத் தோன்றும். 2007இல் வந்த புது வடிவ பிக்அப்களின் 5.3 எஞ்சின்கள் பலவற்றில் பெட்ரோல் சேமிக்க ஓர் உபாயம் செய்தார்கள். நெடுஞ்சாலையில் அதிகச் சுமையில்லாமல் சீராக ஓடும்போது எட்டில் நாலு சிலிண்டர்கள் தூங்கிவிடும். தூங்கவைத்து எழுப்பும் வேலை விசேஷ லிஃப்டர்களுக்கு. அவற்றில் ஒன்று சிக்கிக்கொண்டால் கேம்ஷாஃப்டையும் அரைத்துத் தள்ளும். அதனால் அந்த எஞ்சினை வாங்குகிறவர் முதல் வேலையாக அந்த ஏற்பாட்டையே பிடுங்கி எறிந்து, சாதா லிஃப்டரும் வேறு கேமும் போடுகிறார். எல்எம்7இல் இந்தத் தலைவலி கிடையாது. பழையது என்பதால் மட்டுமே மதிப்பு கூடிய பொருள்களில் இதுவும் ஒன்று.

இனி இது போகவிருக்கும் இடம். 1967 முதல் 1972 வரை செய்த சி10 பிக்அப் அமெரிக்கர்களுக்கு அவர்கள் தாத்தாவின் வண்டி. சியில் தொடங்கினால் இரண்டு சக்கர இழுவை, பத்து என்றால் அரை டன் வகை. அழகான, நேர்கோட்டு உடம்பு. 1972இல் 307 கன அங்குல வி8 வாங்கினால் 135 குதிரைத்திறன், 350 வாங்கினால் 175. முந்தின ஆண்டு விளம்பரத்தில் இதே 350க்கு 250 என்று போட்டிருந்தார்கள். எஞ்சினை மேசையில் தனியாக ஓட்டி, விசிறியும் சைலன்சரும் இல்லாமல் அளந்த கணக்கு அது. 1972இல் எல்லாத் துணைப்பாகங்களோடும் அளக்கும் நேர்மையான முறைக்கு மாறினார்கள். எல்எம்7இன் 285 நேர்மையான 285. ஆகவே 175க்கும் 285க்கும் உள்ள இடைவெளி காகிதத்தில் தெரிவதைப் போலவே காலடியிலும் தெரியும். அதோடு, குளிர்காலக் காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டரோடு பேரம் பேச வேண்டியதில்லை.

பழைய எஞ்சினைச் செயின் பிளாக்கில் தூக்கி வெளியே வைத்தபிறகு தெரியும் வெற்றிடத்தைப் பார்த்தால் எல்லாம் சுலபம் போலிருக்கும். சி10இன் பானெட்டுக்குள் ஆள் இறங்கி நின்று வேலை செய்யலாம், அவ்வளவு இடம். பழைய எஞ்சினைப் பிடிக்கும் மவுண்டிங்குக்குப் பக்கத்துக்கு மூன்று போல்ட், புதியதற்கு நாலு. இரண்டையும் இணைக்கும் தகடு கடையிலேயே கிடைக்கிறது. எஞ்சின் இரண்டு மணி நேரத்தில் உட்கார்ந்துவிடும். அதற்கப்புறம்தான் சம்ப் குறுக்கே நிற்கும். சில்வராடோவின் சம்ப் பின்பக்கம் ஆழமாக இறங்குவது. சி10இல் அது முன் கிராஸ்மெம்பருக்கும் கீழே தொங்கும். வண்டியைத் தாழ்த்துவதுதான் இன்றைய மோஸ்தர் என்பதால், வேகத்தடையில் முதலில் தட்டப்போவது எண்ணெய்ச் சட்டி. ஆகவே 1998 முதல் 2002 வரையிலான கமாரோவின் சம்ப்பையோ, இந்த வேலைக்கென்றே ஹாலி போன்ற நிறுவனங்கள் வார்க்கும் சம்ப்பையோ வாங்க வேண்டும். சில்வராடோவில் ஏசி கம்ப்ரஸர் வலது பக்கம் தாழ்வாக இருப்பது. சி10இல் சேஸிஸ் சட்டம் அந்த இடத்தில் குறுக்கே வரும். சட்டத்தை வெட்டிக் குழி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாற்பது ஐம்பது வருடம் எடை தாங்கிய இரும்பில் கம்ப்ரஸருக்காகக் குழி எடுப்பது எனக்கு ஒப்பாது. மேலே தூக்கிவைக்கும் பிராக்கெட் இருக்கும்போது கத்தி எதற்கு?

பெட்ரோல் டேங்க் விஷயத்துக்கு வருவோம். இந்த வேலையில் என்னை மிகவும் யோசிக்கவைத்த இடம் அது. 1972 வரை சி10இன் பெட்ரோல் டேங்க் கேபினுக்கு உள்ளேயே, சீட்டின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஓட்டுநரின் முதுகுக்கும் எரிபொருளுக்கும் நடுவே சீட்டின் பஞ்சும் டேங்கின் தகடும்தான். பெட்ரோல் அளவு காட்டும் மிதவையின் வாஷர் தளர்ந்துவிட்டால் கேபின் முழுக்க வாடை. அந்தக் காலத்தில் இதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. எஞ்சினின் பக்கத்தில் கேம்ஷாஃப்டால் ஆடும் ஒரு சின்ன பம்ப் அங்கிருந்து பெட்ரோலை உறிஞ்சி, ஐந்தாறு பிஎஸ்ஐ அழுத்தத்தில் கார்புரேட்டருக்கு அனுப்பும்.

எல்எம்7க்கு வேண்டியது 58 பிஎஸ்ஐ. பத்து மடங்கு. அந்தப் பழைய பம்ப் பொருந்த பிளாக்கில் இடமே கிடையாது. மின்சார பம்ப் வேண்டும், அது டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் சூடேறாமல் நெடுநாள் உழைக்கும். வளைவில் திரும்பும்போது பெட்ரோல் ஒருபக்கம் சாய்ந்தாலும் பம்பின் வாய் காற்றை விழுங்கக்கூடாது என்றால் டேங்குக்குள் தடுப்புகள் வேண்டும். பழைய டேங்கில் இவை எதுவும் இல்லை. ஆக, எஞ்சின் மாற்றத் தொடங்கியவர் கேபினிலிருந்து டேங்கைக் கழற்றி, பின்னால் சேஸிஸ் சட்டங்களுக்கு நடுவில், ஸ்டெப்னி தொங்கிய இடத்தில் புது டேங்க் வைக்கிறார். அதே நிறுவனத்தின் பழைய பிளேசர் வண்டியின் டேங்க் அந்த இடத்துக்கு நன்றாகவே அமைகிறது. அழுத்தத்தை 58இல் நிறுத்த, கார்வெட்டுக்கென்று வந்த ஃபில்டர் ஒன்று இருக்கிறது, ரெகுலேட்டரும் அதற்குள்ளேயே அடக்கம். பிக்அப்பின் எஞ்சினுக்குப் பந்தயக்காரனின் ஃபில்டர், பிளேசரின் டேங்க். இப்படிக் கூட்டுக் குடும்பமாகத்தான் இந்த வண்டி உருவாகிறது. இந்த மாற்றத்தில் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் குதிரைத்திறன் என்று யாரும் சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டேன். முதுகுக்குப் பின்னாலிருந்து பெட்ரோல் வெளியேறியதுதான்.

இனி மூளை. பழைய 350க்கு மூளை இல்லை. காற்றின் உறிஞ்சலும் ஸ்பிரிங்கும் சின்னச் சின்ன எடைகளும் சேர்ந்து எப்போது தீப்பொறி, எவ்வளவு பெட்ரோல் என்று தீர்மானித்தன. எல்எம்7ஐ ஆள்வது பிசிஎம் என்கிற ஒரு அலுமினியப் பெட்டி. உள்ளே வரும் காற்றின் அளவு, இன்டேக்கின் அழுத்தம், தண்ணீரின் சூடு, த்ராட்டிலின் திறப்பு, புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜன் எல்லாம் அதற்குத் தெரிய வேண்டும். கிராங்கில் 24 வெட்டுகள் கொண்ட ஒரு சக்கரம் சுழல்கிறது. அதைப் படிக்கும் சென்சார்தான் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பெட்டிக்குச் சொல்லும். அடுத்த தலைமுறை எஞ்சினில் 24 போய் 58 வந்தது. வெளிப்பார்வைக்கு இரண்டு எஞ்சினும் ஒன்றுபோல் இருந்தாலும், ஒன்றின் மூளையை மற்றதில் அப்படியே வைத்தால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், எஞ்சின் பிடிக்காது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. சில்வராடோவின் பெட்டிக்குள் திருட்டுத் தடுப்பு நிரல் இருக்கிறது. தன்னுடைய சாவியும் தன்னுடைய டாஷ்போர்டும் பதில் சொல்லாவிட்டால், ஒன்றிரண்டு விநாடி ஓடவிட்டு பெட்ரோலை நிறுத்திவிடும். வண்டி நசுங்கிப் பழைய இரும்பாய்ப் போனபிறகும் இந்தப் பெட்டி தன் எஜமானனின் சாவியைத் தேடிக்கொண்டிருக்கும். எச்பி ட்யூனர்ஸ் போன்ற மென்பொருளால் அந்த நிரலை அணைக்க வேண்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னாலிருந்த ஆக்ஸிஜன் சென்சார்கள், பெட்ரோல் ஆவியைச் சேமிக்கும் ஏற்பாடு என்று சி10இல் இல்லாதவற்றையெல்லாம் கேட்காதே என்றும் சொல்லிக்கொடுக்க வேண்டும். வயரிங் கட்டையும் அவிழ்த்து, கதவு விளக்குக்கும் ரேடியோவுக்கும் போகும் கம்பிகளை உருவிவிட்டு, எஞ்சினுக்கு மட்டுமானதாக இளைக்கவைக்கிறார்கள். பொறுமையுள்ளவர்கள் சாப்பாட்டு மேசையில் விரித்து உட்கார்ந்து செய்கிறார்கள். மற்றவர்கள் புதிதாகக் கட்டியதை வாங்குகிறார்கள். புதிதை வாங்கச் சொல்வேன். இருபது வருட எஞ்சின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் கை பட்டதும் நொறுங்கும்.

கியர்பாக்ஸில் கொஞ்சம் கணக்கு. பழைய சி10இன் டர்போ 350 ஆட்டோமேட்டிக்குக்கு மூன்றே கியர், மூன்றாவதில் எஞ்சினும் புரொப்பல்லர் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். எல்எம்7 கூடவே பிறந்த 4எல்60இ பெட்டிக்கு நாலாவது கியர் 0.70. பின் அச்சின் விகிதம் 3.73, டயர் 28 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 60 மைலில் பழைய ஏற்பாட்டில் எஞ்சின் சுமார் 2,700 சுற்று சுற்றும். புதியதில் 1,900க்குள். பெட்ரோல் மிச்சம், காதுக்கு நிம்மதி. பழைய பெட்டியே போதும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். போல்ட் துளைகள் பொருந்தும். ஆனால் எல்எம்7இன் கிராங்கின் பின்முனை பழையதைவிடச் சுமார் பத்து மில்லிமீட்டர் உள்ளே அடங்கியிருக்கும், நடுவில் ஒரு வளையம் கொடுத்துச் சரிக்கட்ட வேண்டும். ரத்த சம்பந்தம் அந்த அளவில் முடிந்துவிடுகிறது.

பிரேக்கைப் பற்றி ஒரு வரி. 1971க்கு முந்திய சி10களில் நாலு சக்கரத்திலும் டிரம். நூறு குதிரையைக் கூட்டிவிட்டு டிரம்மோடு ஓட்டுவது மடமை.

சட்டம் என்ன சொல்கிறது? கலிஃபோர்னியாவில் 1975 மாடல் வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே 1972 சி10க்கு எந்த எஞ்சினைப் போட்டாலும் சோதனை நிலையத்தின் வாசலை மிதிக்க வேண்டியதில்லை. 1976 வண்டி என்றால் கதையே வேறு. எஞ்சின் வண்டியின் வயதுடையதாகவோ அதைவிட இளையதாகவோ இருக்க வேண்டும், அந்த எஞ்சினோடு பிறந்த புகைக்கட்டுப்பாட்டுச் சாதனங்கள் அத்தனையும் கூடவே வர வேண்டும், அரசு நியமித்த ரெஃப்ரி பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இது நியாயமான விதி என்று படுகிறது. விலக்கு இருந்தாலும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பொருத்திக்கொள்கிறவர்கள் உண்டு, பின்னால் வருகிறவர் அவர்களுக்கு நன்றி சொல்வார். நம்மூரில் ஆர்சி புத்தகத்திலேயே எஞ்சின் எண் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி ஆர்டிஓவின் ஒப்புதல் இல்லாமல் எஞ்சின் மாற்ற முடியாது. இதைப் படித்துவிட்டு வீட்டுக் கொட்டகையில் நிற்கும் பழைய ஜீப்பைப் பார்க்கிறவர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

இவ்வளவையும் பாவம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பிறந்த எஞ்சினோடு இருந்தால்தான் அது வண்டி, மற்றதெல்லாம் கலப்படம் என்பது அவர்கள் கட்சி. ஒரு கை மட்டுமே பட்ட, எண்களெல்லாம் ஒத்துப்போகிற அரிய வண்டியானால் நானும் அந்தக் கட்சிதான். ஆனால் பெரும்பாலான சி10களில் இப்போது இருப்பது மூன்றாவதோ நாலாவதோ எஞ்சின். பிறந்த எஞ்சின் எந்த உருக்காலையில் என்னவாயிற்றோ. பண்ணையில் உழைக்கப் பிறந்த வண்டிக்கு உழைக்கிற எஞ்சின் கிடைப்பதில் அவமானம் ஒன்றுமில்லை. இந்த எஞ்சின் குடும்பத்துக்காகவே கென்டக்கி மாநிலத்தின் போலிங் கிரீனில் 2010 முதல் எல்எஸ் ஃபெஸ்ட் என்று ஒரு திருவிழா நடக்கிறது. கார்வெட் ஆலை இருக்கும் ஊர் அது.

ஷெவர்லே நிறுவனமே அடுத்த அறுவைக்குக் கத்தி தீட்டிப் பார்த்தது. 2018இல் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் 1962 மாடல் சி10 ஒன்றுக்குள் இரண்டு மின்மோட்டார்களை வைத்து ஷெவர்லே காட்டியது. 2020இல் 1977 பிளேசர் ஒன்றின் 175 குதிரைத்திறன் வி8ஐ எடுத்துவிட்டு, போல்ட் மின்காரின் 200 குதிரைத்திறன் மோட்டாரை வைத்தது. பேட்டரிக்குச் சரக்கு வைக்கும் இடம் முழுக்கப் போயிற்று. அங்கேயும் மோட்டாரை உட்காரவைத்தது பெரிய சிரமமில்லை, சுற்றியுள்ளதற்கு இடம் தேடியதுதான் சிரமம். மின்மாற்றம் வரட்டும். ஆனால் யார்டில் சில நூறு டாலருக்குக் கிடைக்கிற பொருள் வேறு, கண்காட்சியில் விளக்கு வெளிச்சத்தில் நிற்கிற பொருள் வேறு. இன்றைய தேதிக்கு ஒரு சாதாரண மனிதர் தன் சம்பளத்தில் செய்துகொள்ளக்கூடியது எல்எம்7 மாற்றம்தான்.

எல்எம்7 செய்வது 2007இல் நின்றுவிட்டது. யார்டுகளில் இன்னும் இருக்கிறது, ஆனால் நல்லதாகக் கிடைப்பது குறைந்துவருகிறது. அமெரிக்காவிலோ கனடாவிலோ இருந்துகொண்டு இந்த வேலையை யோசிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். எஞ்சினை மட்டும் வாங்கி வராதீர்கள். 1999 முதல் 2002 வரையிலான பெரும்பாலான வண்டிகளில் த்ராட்டிலை இழுப்பது சாதாரண கேபிள். 2003க்குப் பிறகு அதையும் மின்சாரம் எடுத்துக்கொண்டது. அங்கே ஆக்ஸிலரேட்டர் பெடல், த்ராட்டில், இரண்டுக்கும் நடுவே உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி, பிசிஎம் நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்தினால்தான் வண்டி நகரும். அந்த நான்கையும், வயரிங்கையும் சேர்த்து, ஒரே வண்டியிலிருந்து கழற்றி வாங்குங்கள். பில்லில் வண்டியின் பதினேழு இலக்க எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.